ஒரு பனியனின் வெப்பக் கணக்கு

நுழையும்முன்

நெருப்பைக் கையாளக் கற்றது மனித நாகரிகத்தின் முதற்படிகளுள் ஒன்று. அந்நெருப்புக்கு எதனை உணவாக இடுகிறோம் என்பது இன்றைய உலகின் முன் நிற்கும் பெரிய வினா. நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகிய புதைபடிவ எரிபொருள்களை நம் வாழ்க்கை எவ்வளவு ஆழமாகச் சார்ந்துள்ளது என்பதை அறியத் தொலைதூர நாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. திருப்பூரில் தைத்த ஒரு பனியனே அதற்குச் சான்றாகும்.

கழுத்திலுள்ள சீட்டு

கடையில் வாங்கிய ஒரு பனியனை விரித்துப் பாருங்கள். கழுத்தின் உட்புறத்தில் சிறு துணிச்சீட்டு ஒன்று தைக்கப்பட்டிருக்கும். 'நூறு விழுக்காடு பருத்தி' என்று அதில் அச்சிடப்பட்டிருக்கும். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று.

அப்பருத்தி விளைந்த வயலை டிராக்டர் உழுதது. அதற்கு டீசல் வேண்டும். செடிக்கு இட்ட யூரியா, இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்த ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்துச் செய்யப்பட்டது. பஞ்சை நூலாக்கிய ஆலையும், நூலைத் துணியாக்கிய பின்னல் இயந்திரமும் மின்சாரத்தால் ஓடின. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது.

துணியின் வண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1856ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பெர்கின் என்னும் இளைஞர் மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாக உருவாக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை; நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளில் ஊதா நிறச் சாயம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. உங்களைவிட ஓரிரு ஆண்டுகளே மூத்தவர். அவுரியிலும் மஞ்சிட்டியிலும் வண்ணம் தேடிய உலகம் அதன்பின் நிலக்கரியிலும், பிறகு பெட்ரோலியத்திலும் வண்ணம் தேடத் தொடங்கியது. இன்று திருப்பூரில் பருத்திக்கு ஏற்றப்படும் சாயங்களின் மூலப்பொருள்கள் பெரும்பாலும் அவ்வழி வந்தவையே.

பனியனைத் தைத்த நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். இழுத்தால் நீண்டு மீளும் இழை எலாஸ்டேன். மடித்து வைத்த உறை பாலித்தீன். இம்மூன்றும் பெட்ரோலிய வேதிப்பொருள்களின் வழித்தோன்றல்கள். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அப்பனியனை ஏற்றிச்செல்லும் கப்பலும் எண்ணெயால் ஓடுகிறது. சீட்டில் பருத்திக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கிறது. அதை ஆடையாக்கிய எரிபொருளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

வட்டியும் முதலும்

நொய்யற்கரைக்கு நெருப்பு புதியதன்று. காஞ்சிமாநதி என்று பழம்பெயர் பெற்ற இவ்வாற்றின் கரையில், சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களைத் தொல்லியலாளர்கள் அகழ்ந்தெடுத்துள்ளனர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வுலைகள் மரக்கரியால் எரிந்தன. மரம் என்பது சில ஆண்டுகளின் வெயிலைச் சேர்த்து வைத்த சேமிப்பு. வெட்டிய இடத்தில் மற்றொன்று வளர்ந்தால் சேமிப்பு மீண்டும் நிரம்பும். வணிகர் மொழியில் சொன்னால், அது வெயில் தந்த வட்டியில் வாழ்ந்த வாழ்க்கை.

நிலக்கரி அத்தகையதன்று. உலகின் பெரும் நிலக்கரிப் படுகைகளில் பல, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த காடுகள் மண்ணுக்குள் புதைந்து உருவானவை. 1769இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க்கிணறு வெற்றிகரமாகத் தோண்டப்பட்டது. அதன்பின் மனிதகுலம் பூமி சேர்த்து வைத்த முதலை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கியது. இன்று உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பங்கு அம்முதலிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் விளைவு வானில் பதிவாகியுள்ளது. தொழிற்புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கார்பன் டைஆக்சைடு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

கொங்கு நாட்டுத் தொழில் முழுமையும் நிலக்கரியின்மேல் எழுந்ததன்று என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் 1888இல் முதல் நூற்பாலை தொடங்கப்பட்டது. ஆயினும் அங்கு ஆலைகள் பல்கிப் பெருகியது நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பின்னரே. மலையிலிருந்து வீழ்ந்த நீர் சமவெளியில் கதிர்களைச் சுழற்றியது. அந்நீரும் வெயிலின் வட்டியே. பின்னாளில் தேவை பெருகியது, அருவிகள் பெருகவில்லை. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1962இல் அங்கு மின்உற்பத்தி தொடங்கியது. எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர் அனல்மின் நிலையங்கள் அடுத்தடுத்து எழுந்தன. ஒடிசாவின் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி கப்பலேறித் தமிழகக் கரைக்கு வந்தது.

இச்சார்பைப் பழிப்பது எளிது. ஆனால் வானம் பார்த்த பூமியில் கிணறு வற்றி நின்ற குடும்பங்களுக்குப் பனியன் தொழில் சோறு கொடுத்தது. 1920களில் கையால் சுழற்றும் சில பின்னல் இயந்திரங்களோடு தொடங்கிய தொழில் இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், சார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வரும் பல இலட்சம் பேர் இங்கு உழைத்து வாழ்கின்றனர். எரிபொருள் தந்த நன்மையை மறைத்துவிட்டு அதன் தீமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

நொய்யல் கற்பித்த பாடம்

கணக்கில் எழுதாத செலவு எவ்வாறு திரும்பி வரும் என்பதைத் திருப்பூர் ஒருமுறை அனுபவித்து அறிந்துள்ளது. பருத்தியில் சாயம் ஏறி நிற்பதற்குப் பெருமளவு உப்புத் தேவை. துணியில் தங்காத உப்பும் சாயமும் பல்லாண்டுகள் நொய்யலில் கலந்தன. ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களின் பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அணையில் நீர் நிறைந்தால் மகிழ வேண்டிய உழவர்கள், அந்நீரைத் தம் வயலுக்குத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின; தென்னைகள் கருகின.

உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்ட வேண்டும் என்ற ஆணைகளுக்குப் பின்னரும் மாசு நிற்காததால், 2011 சனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. துணி சாயமேறுவதற்காக வெளிமாநிலங்களுக்கு லாரிகளில் சென்றது. வேலையிழந்தோர் பலர் சொந்த ஊருக்குத் திரும்பினர். உரிய காலத்தில் செலவிடாத சுத்திகரிப்புச் செலவை ஊர் முழுவதும் பன்மடங்காகச் செலுத்தியது.

அதன்பின் திருப்பூர் செய்த மாற்றம் பாராட்டத்தக்கது. சாயக்கழிவு நீரைச் சவ்வுகளின் வழியே செலுத்தித் தூய நீரைப் பிரிக்கின்றனர். எஞ்சும் அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கிகளில் காய்ச்சி, நீரையும் உப்பையும் தனித்தனியே மீட்டு மீண்டும் பயன்படுத்துகின்றனர். இத்தகைய முறையை இவ்வளவு பெரிய அளவில் மேற்கொண்ட ஆடைத் தொழில் நகரங்கள் மிகச் சிலவே.

ஆனால் இங்குதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். நீரை ஆவியாக்குவது எளிய செயலன்று. 30 டிகிரி செல்சியசில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 70 கிலோகலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்நீரை முழுவதும் ஆவியாக்கவோ மேலும் 540 கிலோகலோரி வேண்டும். இயற்பியல் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் படிப்பது இதுவே. ஒரு கலத்தில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கி வெப்பத்தை மிச்சப்படுத்துகின்றனர் என்பது உண்மை. இருந்தும் அதற்கான நீராவியும் மின்சாரமும் சிறிதளவல்ல. ஆற்றைக் காப்பாற்றக் கொதிகலன் எரிகிறது. கொதிகலனில் விறகும் நிலக்கரியும் எரிகின்றன. நீரில் கலந்த மாசின் ஒரு பகுதியை நாம் புகையாக மாற்றி வானத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

இதனால் ஆற்றைத் தூய்மை செய்தது தவறென்று ஆகாது. ஓரிடத்துச் சுமையை இறக்கும்போது அது வேறெங்கே ஏறுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதே இதன் பொருள். நொய்யலுக்காக வழக்காட உழவர்கள் இருந்தனர். வானத்துக்கு அத்தகைய ஆயக்கட்டுதாரர் இல்லை.

காற்று தருவதும் தராததும்

'திருப்பூர்தான் காற்றாலைகளை நிறுவியிருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். அப்பெருமிதம் நியாயமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, பல்லடத்திலும் உடுமலையிலும் ஆயிரக்கணக்கான இறக்கைகளைச் சுழற்றுகிறது. பனியன் நிறுவனங்கள் பல சொந்தமாகக் காற்றாலைகள் வைத்துள்ளன. தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றனர் முன்னோர். இன்று அக்காற்றில் ஆலைகள் ஓடுகின்றன.

எனினும் இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. முதலாவது, காற்று ஆண்டு முழுதும் ஒரே சீராக வீசுவதில்லை. வைகாசியில் எழுந்து புரட்டாசியில் தணியும். காற்று ஓய்ந்த மாதங்களில் அனல்மின் நிலையமே கைகொடுக்கிறது. இரண்டாவது உண்மை அதனினும் முதன்மையானது. மின்சாரம் வேறு; வெப்பம் வேறு. பின்னல் இயந்திரத்துக்கும் தையல் இயந்திரத்துக்கும் மின்சாரம் போதும். சாயப்பட்டறைக்கோ வெப்பம் வேண்டும். துணியைச் சலவை செய்ய 90 டிகிரிக்கு மேல் வெந்நீர். சாயம் ஏற்ற 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீர். உலர்த்திச் சீராக்க 150 டிகிரி அளவில் வெங்காற்று. கடைசியில் உப்புநீரைக் காய்ச்ச நீராவி. பனியன் தொழிலின் எரிபொருள் பசி பெரும்பாலும் இவ்வெப்பப் பசியே. காற்றாலையைக் காட்டி நாம் மனநிறைவு கொள்ளும்போது, கொதிகலன் நம் கண்ணில் படாமல் எரிந்துகொண்டிருக்கிறது.

தொலைவில் இழுபடும் நூல்

பின்னல் துணிக்கு ஓர் இயல்பு உண்டு. தறியில் நெய்த துணியில் ஓர் இழை அறுந்தால் அவ்விடத்தோடு நிற்கும். பின்னல் துணியிலோ ஒரு கண்ணி அவிழ்ந்தால் அவிழ்ச்சி ஏணிபோல் ஓடிக்கொண்டே செல்லும். எரிபொருள் சார்பும் அத்தகையதே.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் கடும் மின்தட்டுப்பாட்டில் தவித்தது. 2012இல் பல மணிநேர மின்வெட்டு அன்றாட வழக்கமாயிற்று. திருப்பூர் முழுதும் டீசல் மின்னாக்கிகள் உறுமின. பெரிய நிறுவனங்கள் அச்செலவைத் தாங்கின. வீட்டு முன்னறையில் பவர்டேபிள் இயந்திரம் வைத்துக் கூலிக்குத் தைத்தவர்களால் தாங்க இயலவில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. எண்ணெய்ச் செலவும் பயண நாளும் கூடின. சரக்குக் கட்டணம் உயர்ந்தது.

2025 ஆகஸ்டில் நிகழ்ந்தது இவற்றினும் கடுமையானது. இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா ஏற்கெனவே விதித்திருந்த 25 விழுக்காடு வரியோடு, மேலும் 25 விழுக்காடு வரி ஆகஸ்டு 27 முதல் சேர்ந்தது. இரண்டாவது வரிக்கு அந்நாடு கூறிய காரணம், இந்தியா உருசியாவிடமிருந்து கச்சா எண்ணெய் வாங்குகிறது என்பது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் செல்வது. உருசிய எண்ணெய் வாங்கும் முடிவில் திருப்பூர்த் தையல் தொழிலாளிக்குப் பங்கில்லை. ஆயினும் அம்முடிவின் விளைவு அவர் கூலியின்மேல் வந்து விழுந்தது.

கதர் இயக்கத்தின் மையங்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் இது. அயல்துணிக்கு அடிமையாகாதிருத்தல் என்னும் கொள்கை இவ்வூர் மக்களுக்குப் புதிதன்று. 1932 சனவரியில் கையில் பற்றிய கொடியோடு குமரன் வீழ்ந்த மண்ணும் இதுவே. துணியில் தன்னுரிமை கேட்ட நாடு இன்று தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறது. எனவே எரிபொருள் சார்பு சுற்றுச்சூழல் சிக்கல் மட்டுமன்று; அது உரிமைச் சிக்கலும் ஆகும்.

எழும் வினாக்களும் விடைகளும்

'முதலில் நிலக்கரியை எரித்துச் செல்வம் சேர்த்தவை மேலைநாடுகள் அல்லவா? நாம் மட்டும் ஏன் குறைக்க வேண்டும்?' என்னும் வினா நேர்மையானது. வானில் சேர்ந்துள்ள புகையில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வினாவுக்குரிய விடை, நாமும் அவ்வாறே எரிப்பது ஆகாது. செலவைப் பகிருமாறு அவர்களைக் கேட்பதே தக்க விடை. பசுமையான ஆடை வேண்டும் என்று கேட்கும் அயல்நாட்டு வணிகர், அதே ஆடையைச் சென்ற ஆண்டினும் குறைந்த விலைக்குக் கேட்கிறார். தூய்மைக்கான செலவை விலையில் சேர்க்காவிட்டால் அது கூலியில் கழிக்கப்படும். அதனை ஏற்கலாகாது.

'அவ்வாறெனில் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?' என்று கேட்டால், 2011 அதற்கு விடை சொல்லும். ஒரே நாளில் மூடினால் முதலில் பசிப்பவர் பட்டறை உரிமையாளர் அல்லர், அங்கு உழைத்தவரே. ஆகவே மூடும் நாள் வருமுன் மாறத் தொடங்குவதே அறிவுடைமை. இந்தியா 2070ஆம் ஆண்டுக்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக உலகுக்கு உறுதியளித்துள்ளது. அவ்வாண்டை எண்ணி நாம் ஓய்ந்திருக்க இயலாது. இன்று நிறுவும் கொதிகலன் இன்னும் பல்லாண்டுகள் எரியும்.

மாற்றத்துக்கான வழிகள் கற்பனையல்ல. நீராவிக் குழாய்களுக்கு உறையிடுதல், நீராவி குளிர்ந்து கிடைக்கும் வெந்நீரைக் கொதிகலனுக்கே திருப்புதல் ஆகியவை எந்தப் பட்டறையும் நாளையே செய்யக்கூடியவை. குறைந்த நீரில் சாயமேற்றும் இயந்திரங்கள் உள்ளன. துணியைச் சாயக்கரைசலில் தோய்த்துச் சுருட்டி, அறை வெப்பநிலையிலேயே பல மணிநேரம் வைத்துச் சாயமேற்றும் முறையும் உண்டு. நீர் குறைந்தால் காய்ச்ச வேண்டிய கழிவும் குறையும். எரிபொருள் மிச்சத்தோடு ஆற்றுக்கும் நன்மை. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் கொங்கு மண்ணில், 60 முதல் 80 டிகிரி வரையிலான வெந்நீரைக் கதிரவனே தர இயலும். அதற்கு மேற்பட்ட வெப்பத்துக்கு மட்டும் வேறு எரிபொருளை நாடலாம். இவற்றுக்கு முதலீடு வேண்டும். கூலிக்குச் சாயமிடும் சிறு பட்டறைகளால் அதனைத் தனித்துத் திரட்ட இயலாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கூட்டாக அமைத்த ஊர், பொது வெப்ப நிலையங்களையும் கூட்டாக அமைக்க இயலும். அரசும் வங்கிகளும் வாங்குவோரும் அதில் பங்கேற்க வேண்டும்.

இன்னும் ஒரு வரி

எல்லாவற்றுக்கும் முதற்படி கணக்கு எழுதுவதே. நூல் எத்தனை கிலோ, கழிவுத்துணி எத்தனை கிராம், ஒரு மணிநேரத்துக்கு எத்தனை உருப்படி என்று நுணுக்கமாகக் கணக்கெழுதப் பழகிய ஊர் திருப்பூர். ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு நீராவி, எவ்வளவு விறகு, எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு டீசல் என்னும் கணக்கும் அதே பேரேட்டில் ஏற வேண்டும். எழுதிய செலவைக் குறைக்க மனிதன் வழி தேடுவான். எழுதாத செலவைப் பிறர் தலையில் ஏற்றுவான். நொய்யலில் உப்பைக் கணக்கில் எழுதாததால் உழவர் தலையில் ஏறியது. வானத்துக் கார்பனைக் கணக்கில் எழுதாவிட்டால் அது உங்கள் தலைமுறையின் தலையில் ஏறும்.

உங்களுள் சிலர் நாளை அவ்வாலைகளில் பொறியாளர்களாகவும், கணக்கர்களாகவும், உரிமையாளர்களாகவும், தொழிலாளர்களாகவும் பணியாற்றக்கூடும். எல்லாரும் அங்கு தைத்த ஆடையை உடுத்துவீர்கள். பனியனின் கழுத்துச் சீட்டில் பருத்தியின் அளவு இருக்கிறது. துவைக்கும் முறை இருக்கிறது. செய்த நாட்டின் பெயர் இருக்கிறது. அதனைச் செய்ய எரிந்த வெப்பத்தையும் அதில் எழுதலாம். ஒரு வரிக்கு அங்கு இடமுண்டு.